பத்து மீட்டர் நடை

பிப்ரவரி 3

இன்றோடு முப்பத்தெட்டு முடிந்தது. படியேறும்போது இடது முழங்கால் சத்தம் போடுகிறது. பிசியோதெரபிஸ்ட் என்பதால் அந்தச் சத்தத்தின் பெயர் எனக்குத் தெரியும். அதை நிறுத்தத்தான் தெரியாது.

இதே நாளில் 'இளம் ஆய்வாளர் நிதி' அறிவிப்பும் வந்து சேர்ந்தது. முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் ஆகாதவர்கள் இளம் ஆய்வாளர்களாம். எனக்கு அந்த ஐந்து வருடம் வருகிற நவம்பரில் முடிகிறது. ஆக, நவம்பர் வரை நான் இளமையாக இருப்பேன். கையில் சான்றிதழ் இருக்கிறது.

ஏற்கெனவே இரண்டு முறை விண்ணப்பித்துப் பார்த்தாயிற்று. முதல் தடவை "புதுமை போதாது" என்றார்கள். இரண்டாம் தடவை புதுமையை அள்ளிப் போட்டேன். "நடைமுறைக்கு ஒவ்வாது" என்றார்கள். துறைத் தலைவர் இன்று அறைக்குக் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "இந்தத் தடவை கிடைச்சா நீங்க ஆய்வுப் பிரிவுல இருங்க. கிடைக்கலன்னா பழையபடி சிகிச்சைப் பிரிவு, முழு நேரமும். எனக்கும் வேற வழி இல்ல." தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டுவதில் எனக்குப் பதினான்கு வருட அனுபவம்.

வீட்டுக்குக் கீழேயே அக்காவின் தையல் கடை. பிறந்தநாளுக்கு ஒரு மேல்சட்டை தைத்து வைத்திருந்தாள். "நேர்காணலுக்குப் போட்டுட்டுப் போ" என்றாள். விண்ணப்பத்தில் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

பிப்ரவரி 10

பன்னிரண்டு பேரின் முதல் அளவீடும் இன்றோடு முடிந்தது. எல்லோரும் பக்கவாதம் வந்து, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள். வீட்டுக்குள்ளேயே, அடுப்படியிலிருந்து வாசல் வரை, தினமும் நடக்க வேண்டும். திங்கட்கிழமைதோறும் நான் போன் செய்து விசாரிப்பேன். எட்டு வாரம். அவ்வளவுதான் என் மகத்தான கண்டுபிடிப்பு: நடக்கச் சொல்வது, நடந்தீர்களா என்று கேட்பது. உலகத்து அம்மாக்கள் எல்லாரும் நிதி இல்லாமலே இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் மாடி வராந்தாவில்தான் அளவு. தரையில் இரண்டு மஞ்சள் டேப், இடையில் பத்து மீட்டர். முதல் கோட்டைத் தாண்டும்போது ஸ்டாப்வாட்ச்சை அழுத்த வேண்டும், இரண்டாவதைத் தாண்டும்போது நிறுத்த வேண்டும். டிரைவர் அய்யாவுக்கு இருபது நொடி ஆனது. முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். உட்கார்ந்ததும், "அப்போ ரெண்டு நொடி இடிக்குது" என்றார்.

"எதுக்கு இடிக்குது?"

"எங்க தெரு முனையில சிக்னல் பதினெட்டு நொடிதான். ரோடு ஏறக்குறைய இவ்வளவு அகலம். எதிர்ப்பக்கம் சலூன் இருக்கு, எங்க ஆளுங்க எல்லாம் அங்கதான் உட்கார்ந்திருப்பாங்க. ஏழு மாசமாச்சு போயி."

சிரித்தேன். நல்ல உதாரணம், விண்ணப்பத்துக்கு உதவும் என்று குறித்துக்கொண்டேன். நான் இப்படிப்பட்ட ஆள்தான்.

மார்ச் 11

நாள் முழுக்க 'ஆய்வுச் சுருக்கம்'. இருநூற்றைம்பது சொல்லுக்குள் எழுத வேண்டும். 'முன்னோடி' என்ற சொல் நான்கு இடத்தில் வந்திருந்தது. மூன்றை அடித்தேன். நடுவில் சுத்தம் செய்கிற அம்மா வந்து, வராந்தாவுக்குப் பாலிஷ் போட்டது, கோடு, என்று என்னமோ சொன்னார். "சரிம்மா, சரிம்மா" என்றேன். அவர் போனதும் நான்காவது முன்னோடியையும் அடித்தேன். பிறகு மனசு கேட்காமல் திரும்பப் போட்டேன்.

மார்ச் 24

திங்கள் போன்கள். ஒருவர் நான் பேசுவதற்கு முன்பே "நடந்தேன், நடந்தேன்" என்றார். பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 16

அவசரமாக எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணல். எல்லோருடைய இரண்டாவது அளவீடும் முடிந்தது. பன்னிரண்டு பேரும் — ஒருவர் பாக்கியில்லாமல் — வேகமாகியிருக்கிறார்கள். சராசரியாகப் பன்னிரண்டு சதவீதம். டிரைவர் அய்யா பதினாறு நொடி! நான்கு நொடி குறைந்துவிட்டது. அந்த மனுஷனிடம் தாளைக் காட்டினேன். வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கே தாங்கவில்லை. எல்லோரும் போன பிறகு ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு நானும் நடந்து பார்த்தேன். ஜனவரியில் கடிகாரத்தைச் சரிபார்த்தபோது எனக்கு ஏழரை நொடி. இன்று ஆறே முக்கால். லிஃப்டை விட்டுப் படியேறுவதன் பலன் இது! முழங்கால் சத்தம் போட்டால் போடட்டும்.

மே 14

விண்ணப்பம் போய்விட்டது. கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்பாகவே. இது எங்கள் குடும்பத்தில் நடக்காத அதிசயம்.

"உங்கள் ஆய்வு உலகை எவ்வாறு மாற்றும்?" என்று ஒரு கட்டம், ஐந்நூறு சொல். "உங்கள் தலைமைப் பண்புக்கு ஒரு சான்று" என்று இன்னொன்று. போன வருடம் காப்பி இயந்திரம் பழுதானபோது கம்பெனிக்கு நான்தான் போன் செய்தேன்; அதைச் 'சிக்கலான சூழலில் பல தரப்பினரை ஒருங்கிணைத்தது' என்று எழுதினேன். தலைவர் படித்துப் பார்த்துவிட்டு, "எங்கயாவது செயற்கை நுண்ணறிவுன்னு ஒரு வார்த்தை போட்டுடுங்களேன்" என்றார். நான் செய்வது திங்கட்கிழமை போன். அதில் எந்த நுண்ணறிவும் இல்லை, செயற்கையாகக்கூட.

ஆனால் பன்னிரண்டு சதவீதம் இருக்கிறதே. கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

ஜூலை 30

நேர்காணலுக்கு அழைப்பு!! ஆகஸ்ட் 27. எட்டுப் பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான்கு பேருக்குக் கிடைக்கும். பாதிக்குப் பாதி. அக்கா அந்த மேல்சட்டையை எடுத்துவரச் சொல்லி, இடுப்பில் ஒரு விரற்கடை பிரித்துவிட்டாள். பார்த்த பார்வையே போதும்.

ஆகஸ்ட் 12

நேர்காணலில் காட்டுவதற்கு, வராந்தாவில் யாராவது நடக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். மோட்டாரைப் பிடித்தேன். மோட்டார் என் அறையில் உட்காரும் இளைய ஆய்வாளர், இருபத்தொன்பது வயது. வாயைத் திறந்தால் நிறுத்தத் தெரியாது, அதனால் அந்தப் பெயர். போன வாரம் பந்து விளையாடப் போய்க் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு நொண்டுகிறான். "நொண்டுறதும் நல்லதுதான் மேடம், நோயாளி மாதிரியே இருக்கும்" என்றான்.

நடந்தான். பழக்க தோஷத்தில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன். ஆறே முக்கால் நொடி.

இதே ஆள் ஜனவரியில், கடிகாரத்தைச் சரிபார்க்க நடந்தபோது, நல்ல காலோடு ஏழு நொடி.

"சுளுக்கு எனக்கு ஒத்துக்கிச்சு போல" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு என் ஆறே முக்கால் நினைவுக்கு வந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

ஆகஸ்ட் 13

காலையில் அக்காவின் நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். துறையில் நீளம் அளக்கிற நாடா எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மனித உடலை அளப்பதற்கென்றே ஒரு துறை! நாடாவைக் கொடுக்கும்போது அக்கா சொன்னாள்: "புது நாடாவா எடுத்துட்டுப் போ. பழசு இழுத்து இழுத்து நீண்டிருக்கும். நான் மாசம் ஒரு தடவை இரும்பு ஸ்கேல்ல வச்சுப் பார்ப்பேன்." ஒரு தையல்காரி மாதம் ஒரு முறை பார்க்கிறாள்.

முட்டி போட்டு, ஒன்றரை ஒன்றரை மீட்டராக அளந்தேன். முழங்கால் ஆறு தடவை கத்தியது. ஏழாவது தடவைக்குத் தரை இல்லை. கோடு வந்துவிட்டது.

ஒன்பது மீட்டர்.

திரும்பவும் அளந்தேன். ஒன்பது. மோட்டாரை விட்டு அளக்கச் சொன்னேன். அவனும் ஒன்பது என்றான். அதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

சுத்தம் செய்கிற அம்மாவைத் தேடிப் போனேன். கோபமாகத்தான் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "பாலிஷ் போடும்போது எடுத்துட்டு திரும்ப ஒட்டினேன் மேடம். அந்தக் கோடு கதவுக்கிட்ட இருந்துச்சா, சக்கர நாற்காலி ஏறி ஏறி பிஞ்சு வந்துச்சு. நோயாளிங்க கால் தடுக்கிடப் போகுதேன்னு ஒண்ணரை டைல்ஸ் உள்ளே தள்ளி ஒட்டினேன். அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனே. சரிம்மான்னீங்க."

இந்த நோட்டைப் புரட்டினேன். மார்ச் 11. என் கையெழுத்திலேயே இருக்கிறது. பாலிஷ், கோடு, சரிம்மா. நான்காவது முன்னோடியைத் திரும்பப் போட்டதுவரை எழுதி வைத்திருக்கிறேன், மகராசி.

ஆகஸ்ட் 14

கணக்கைத் திரும்பப் போட்டேன். பன்னிரண்டு சதவீதம் இப்போது ஒரு சதவீதம். மூன்று பேர் முன்னேறியிருக்கிறார்கள், ஏழு பேர் இருந்த இடத்திலேயே, இரண்டு பேர் கொஞ்சம் பின்னால். பக்கவாதம் வந்த பன்னிரண்டு பேரும், முழங்கால் போன நானும், கூடவே சேர்ந்து வேகமானபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? முனைவர் பட்டம் எதற்கு வாங்கினேன்? வரவில்லை. சந்தோஷமாக இருந்தேன், அதனால் வரவில்லை.

தலைவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகு நேரம் துடைத்தார். "நேர்காணல்ல கேட்டா சொல்லுங்க. கேட்கலன்னா... நிதி வந்த பிறகு பெரிய அளவுல சரியா பண்ணப் போறீங்கதானே?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் வேலைக்காகத்தான் சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள் — எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. கோட்டை ஒன்றரை டைல்ஸ் வெளியே தள்ளி, பழைய இடத்திலேயே ஒட்டினால் முடிந்தது. மோட்டார் சொல்ல மாட்டான். அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பதினான்கு வருஷம் நாய் மாதிரி உழைச்சிருக்கேன், ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு மீட்டர், யாருக்கு என்ன நஷ்டம்?

ஆகஸ்ட் 16

கடையில் அக்காவுக்குப் பொத்தான் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டேன்: துணியை வெட்டின பிறகு அளவு தப்பு என்று தெரிந்தால் என்ன செய்வாய்?

"போன் பண்ணிச் சொல்லிடுவேன்."

"அவங்களுக்குத் தெரியவே போறதில்லன்னா?"

"அதெப்படி தெரியாம போகும்? போட்டுட்டு நடமாடப் போறது அவங்கதானடி."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். எனக்கு டிரைவர் அய்யா நினைவுக்கு வந்தார். சிக்னல். பதினெட்டு நொடி. பதினாறு என்று நான் எழுதிக் கொடுத்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் நாலு மாசமா ரோட்டைத் தாண்டிக்கிட்டிருக்காரு. கணக்குப் போட்டேன். சரியான பத்து மீட்டருக்கு அவருக்குப் பதினெட்டு நொடி, கொஞ்சம் குறைய. ஒரு தும்மல் வந்தால் போச்சு. யாருக்கு நஷ்டம்னு எழுதினவ நானா? முந்தாநாள் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை, இருக்கட்டும்.

ஆகஸ்ட் 17

பேருந்து பிடித்து டிரைவர் அய்யா வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவர் மனைவி, "சலூனுக்குப் போயிருக்காரு, வர்ற நேரம்தான்" என்றார். நான் தெரு முனைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன். அதை யாராவது அளந்திருக்கலாம்.

எதிர்ப்பக்கம் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார். விளக்கு பச்சையானது. எண் பதினெட்டிலிருந்து இறங்க ஆரம்பித்தது. அவர் உடனே இறங்கவில்லை. முன்னால் நின்ற லாரியையே பார்த்தார், கையைத் தூக்கினார், பிறகு மெதுவாக இறங்கினார். எண் பூஜ்யமானபோது அவருக்கு இன்னும் நான்கு அடி பாக்கி. லாரி அசையவில்லை. அவர் சாவகாசமாக ஏறி வந்து, "என்ன டாக்டரம்மா, இவ்வளவு தூரம்" என்றார்.

அங்கேயே, நடைபாதையிலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, பாலிஷ், ஒன்பது மீட்டர், அவருடைய பதினாறு பதினாறு இல்லை என்பது. மன்னிப்புக் கேட்டேன்.

அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சிக்னல் நொடிய நம்பி எவனாவது ரோட்டுல இறங்குவானாம்மா?" என்றார். "முப்பத்திரண்டு வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான். முதல் வண்டி டிரைவர் முகத்தப் பார்க்கணும். அவன் நம்மளப் பார்த்துட்டான்னா, போன மாதிரிதான்."

"அப்போ அந்தத் தாளு?"

"அது எனக்கில்ல. வீட்ல காட்டுறதுக்கு. அவ என்னை வாசல் தாண்ட விடல. டாக்டரம்மாவே எழுதிக் கொடுத்திருக்காங்க பாருன்னு காட்டினேன். அதுக்கப்புறம் விட்டுட்டா." பிறகு, "இத அவகிட்ட சொல்லணுமா?" என்றார்.

சொல்ல வேண்டும் என்றேன். இரண்டு பேருமாகப் போய்ச் சொன்னோம். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். தலைவர், தேர்வுக் குழு, யாரும் அப்படிப் பார்க்க முடியாது. கடைசியில் கணவரிடம், "சரி, போறதுன்னா போங்க, நானும் கூட வரேன்" என்றார். அவர் முகம் விழுந்துவிட்டது. சலூனுக்கு மனைவியோடு போவது அவர் திட்டத்தில் இல்லை.

ஆகஸ்ட் 21

பன்னிரண்டு பேரிடமும் சொல்லி முடித்தேன். ஒருவர் திட்டினார், நியாயம். ஒருவர் அழுதார், அதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லோரிடமும் இன்னொரு கேள்வியும் கேட்டேன்: இப்போது தெருவுக்குப் போகிறீர்களா? ஏழு பேர் போகிறோம் என்றார்கள். ஆய்வு தொடங்கியபோது எத்தனை பேர் போய்க்கொண்டிருந்தார்கள் என்று என்னிடம் கணக்கு இல்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அப்போது நான் நொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 27

அக்கா தைத்த மேல்சட்டை. நீள மேசை, ஐந்து பேர், எனக்கு மட்டும் சுழலாத நாற்காலி. பத்து நிமிடப் பேச்சில் மூன்றாவது நிமிடத்தில் சொன்னேன்: "விண்ணப்பத்தில் நான் எழுதிய பன்னிரண்டு சதவீதம் தவறு. சரியான எண் ஒன்று." ஒருவர் பேனாவை மூடி வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், பொறியாளராம், அவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதை வச்சு அளந்தீங்க?"

"எங்க அக்காவோட தையல் நாடா."

நான்கு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அது சரியான நாடாதானா?"

"இரும்பு ஸ்கேல்ல வச்சுப் பார்த்தோம்."

பிறகு ஏழு பேர் தெருவுக்குப் போகிறார்கள் என்று சொன்னேன். "முன்னாடி எத்தனை பேர் போனாங்க?" என்றார்.

"தெரியாது."

"அப்போ அது ஆதாரம் இல்லையே."

"இல்லை. அடுத்து கேட்க வேண்டிய கேள்வி அது."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். இல்லை. கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்.

அக்டோபர் 9

கிடைக்கவில்லை. "அளவீட்டில் காட்டிய நேர்மை பாராட்டத்தக்கது. எனினும்." அந்த 'எனினும்' என்ற சொல்லைப் பார்த்ததும் மீதியைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. சக்கர நாற்காலிகள் வைக்கிற அறைக்குள் போய், ஒன்றில் உட்கார்ந்து அழுதேன். ஆசைப்பட்டேன்டி, ரொம்ப ஆசைப்பட்டேன். மூன்று தடவையும். சுத்தம் செய்கிற அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டுப் போனார்.

நவம்பர் 18

இன்றோடு இளமை முடிந்தது. அரசு முத்திரையோடு.

ஜனவரி 12

சிகிச்சைப் பிரிவு, முழு நேரம். ஒரு நாளைக்குப் பதினொரு பேர். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியாக, வீட்டை விட்டு எதுவரை போகிறீர்கள், கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டு நோட்டில் எழுதி வைக்கிறேன். யாரும் கேட்கச் சொல்லவில்லை. இதற்கு நிதியும் கிடையாது.

பிப்ரவரி 9

மோட்டார் மதியம் சிகிச்சைப் பிரிவுக்கே வந்து கத்தினான். இந்த வருட 'இளம் ஆய்வாளர்' படிவம் வந்திருக்கிறது, அவன் போடுகிறான். "மேடம், இதைப் பாருங்க. போன வருஷம் இந்தக் கேள்வியே இல்ல. எந்தப் புண்ணியவான் வச்சான்னு தெரியல." பதினேழாம் பக்கம். படித்தேன். நடை அளக்கும் தூரம் ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்பும் நேரில் அளந்து சரிபார்க்கப்பட்டதா? எதைக் கொண்டு? அந்தக் கருவி எப்போது சரிபார்க்கப்பட்டது? நாடு முழுக்க இந்த வருடம் நடை ஆய்வுக்கு விண்ணப்பிக்கிற அத்தனை பேரும் இதை நிரப்ப வேண்டும்.

மூன்று முறை விண்ணப்பித்து, அறிவியலுக்கு என் பங்களிப்பு ஒரு படிவத்தில் மூன்று கேள்வி. சிரிப்பு வந்தது. கண்ணிலும் வந்தது, அவன் பார்க்கும் முன் துடைத்துக்கொண்டேன்.

"யாரோ மானம் போன ஆளா இருக்கும்" என்றேன். இரண்டு பேருமாக வராந்தாவுக்குப் போய் அளந்தோம். பத்து மீட்டர், ஒரு விரல்கூடக் கூடவோ குறையவோ இல்லை. அவன் படிவத்தை நீட்டினான். கேள்விக்குக் கீழே 'அளந்தவர் பெயர், கையொப்பம்' என்று ஒரு கோடு. வயது வரம்பு எதுவும் போடவில்லை. என் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.